கப்பல் மணியும் கோயில் மணியும்

2023 ஜூன் 16ஆம் திகதி யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறைக் கடலில் பதினொரு தட்டுக் கப்பல் ஒன்று வந்து நின்றது. பெயர் எம்.வி. எம்பிறஸ், கோர்டிலியா குறூஸஸ் நிறுவனத்தின் உல்லாசக் கப்பல். அந்த மாதம் 5ஆம் திகதி சென்னைத் துறைமுகத்தில் இந்திய மத்திய அமைச்சர் கொடியசைத்துத் தொடக்கிவைத்த சேவை அது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையின் மூன்று துறைகளைத் தொட்டுத் திரும்புவது திட்டம். 1990 முதல் மூடிக்கிடக்கும் சிமெந்து ஆலைக்கும், ஆண்டுக்கணக்கில் வேலிக்குள் கிடந்த உயர் பாதுகாப்பு வலயத்துக்கும் பெயர்போன ஊருக்கு அது பெரிய நாள். புதிய பயணிகள் முனையமும் அன்றே திறந்தது. போர்க்காலத்தை இந்தத் துறையில் பார்த்தவர்களுக்கு, விடுமுறை கழிக்க ஆட்கள் வந்து இறங்குகிறார்கள் என்ற செய்தியே நம்ப முடியாததாக இருந்திருக்கும். ஊர் மகிழ்ந்தது, மகிழ்ந்தது நியாயமும்கூட. அந்த மகிழ்ச்சி அடங்கியபின் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று மிஞ்சுகிறது. கப்பல் யாழ்ப்பாணத்துக்கு வந்தது சரி, கப்பலில் வந்தவர் யாழ்ப்பாணத்துக்கு வந்தாரா?

பெரிய கப்பலில் விடுமுறைக்குப் போய்ச் சலித்துத் திரும்புகிறவர்கள் சொல்லும் குறைகள் உலகெங்கும் ஒரே மாதிரியானவை. அறைக்குச் சன்னல் இல்லை, சாப்பாட்டுக்கு வரிசை, நீச்சல் தடாகத்தைச் சுற்றிக் கால்வைக்க இடமில்லை, எதைத் தொட்டாலும் தனிக் கட்டணம். இவையெல்லாம் திருத்தக்கூடிய குறைகள். நல்ல நிர்வாகம் வந்தால் வரிசை குறையும், நல்ல சமையற்காரர் வந்தால் சாப்பாடு தேறும். நான் சொல்ல வருவது, எல்லாம் குறைவின்றி நடந்தாலும் யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயிலைப் பார்க்கலாம் என்று அந்தக் கப்பலில் ஏறியவர் ஏமாந்துதான் இறங்குவார் என்பதை. அவருக்குக் கப்பல் விற்ற பண்டத்தில் நல்லூர் இல்லை. அட்டையில் நல்லூர் படமாக இருக்கும். பெட்டிக்குள் இருப்பது கப்பல்தான்.

இதை விளங்கிக்கொள்ளக் கப்பல் வணிகத்தின் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். உலகின் பெரிய கப்பல் நிறுவனங்களான கார்னிவல், றோயல் கரீபியன் இரண்டுக்கும் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பயணச்சீட்டில் வருவதில்லை. ஏறியபின் பயணி செலவழிக்கும் காசில் வருகிறது: குடிவகை, சூதாட்ட மேசை, தீர்வையற்ற கடை, தைலம் தேய்த்தல், கரைச் சுற்றுலா. இவற்றில் சூதாட்டமும் தீர்வையற்ற கடையும் கப்பல் துறையில் நிற்கும்போது பெரும்பாலும் பூட்டியிருக்கும். ஆழ்கடலுக்குப் போனால்தான் திறக்கும். ஆகவே துறையில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் கப்பல்காரருக்குக் கல்லா மூடிய மணி நேரம். கரையில் நீங்கள் குடிக்கும் இளநீர் கப்பலில் குடிக்காத ஒரு குவளை. இதில் கெட்ட எண்ணம் எதையும் தேட வேண்டியதில்லை, வெறும் கணக்கு. இந்தக் கணக்கின் முடிவு எங்கே போகும் என்பதற்கு கரீபியன் கடலில் சான்று இருக்கிறது. ஹெயிட்டி நாட்டின் லபாடி என்ற கடற்கரையை 1986 முதல் குத்தகைக்கு எடுத்து, வேலியிட்டு, தன் பயணிகளுக்கென்று வைத்திருந்தது றோயல் கரீபியன். பஹாமாஸில் கோகோகே என்ற சிறு தீவைச் சறுக்கு மரங்களும் தடாகங்களுமாகத் திருத்தி 2019இல் திறந்தது. ஊர் என்றால் அங்கே ஊரவர் இருப்பார்கள், அவர்களுடைய கடை இருக்கும், அவர்களுடைய நேரம் இருக்கும். ஊரில்லாத கரை அந்தத் தொல்லைகள் இல்லாத கரை.

எம்பிறஸ் கப்பலும் றோயல் கரீபியன் குடும்பத்துப் பிள்ளைதான். 1990இல் பிரான்சின் சென்நசேர் கட்டுதளத்தில் 'நோர்டிக் எம்பிறஸ்' என்ற பெயரில் கட்டினார்கள். 211 மீற்றர் நீளம், 48,563 டன் கொள்ளளவு. மூன்று நாள், நான்கு நாள் என்று குறுகிய உல்லாச ஓட்டத்துக்காகவே வடிவமைத்த கப்பல். நீண்ட பயணம் அதன் பிறவிக் குணத்தில் இல்லை. இன்றைய அரக்கக் கப்பல்களுக்கு அருகில் இது குட்டி. 2024இல் ஓடத் தொடங்கிய 'ஐகொன் ஒஃப் த சீஸ்' இதைப்போல் ஐந்து மடங்கு கொள்ளளவு கொண்டது. ஆனால் குட்டி, பெரிது என்பதெல்லாம் பக்கத்தில் எதை நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. வெனிஸ் நகரத்தின் உள்கால்வாயில் 2021 ஓகஸ்ட் முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களை விடுவதில்லை. அந்த அளவுகோலில் எம்பிறஸ் ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிது. வெனிஸே தாங்காது என்று தள்ளிவைத்த அளவை காங்கேசன்துறை வரவேற்றது.

கரை இந்த வணிகத்தில் எவ்வளவு இலகுவாக உதிரக்கூடியது என்பதை நம் பக்கத்துக் கடலே காட்டியது. 2022 ஜூனில் இதே கப்பல் சென்னை, விசாகப்பட்டினம், புதுச்சேரி என்று ஓடத் தொடங்கியபோது, சூதாட்டம் பற்றிய எதிர்ப்பு எழுந்து புதுச்சேரி அரசு அனுமதி தரவில்லை. கப்பல் புதுச்சேரிக்கு வெளியே கடலில் நின்றுவிட்டுச் சென்னைக்குத் திரும்பியது. புதுச்சேரி என்று அச்சிட்ட பயணத்தில் புதுச்சேரி மட்டும் இல்லை; மற்றதெல்லாம் இருந்தது. சாப்பாடு, ஆட்டம், பாட்டு எதுவும் குறையவில்லை. விமானம் ஊருக்குப் போகாவிட்டால் பயணமே நடக்கவில்லை என்போம். கப்பல் துறைக்குப் போகாவிட்டாலும் விடுமுறை நடந்தேறிவிடுகிறது. துறையை மாற்றவும் தவிர்க்கவும் உரிமையை நிறுவனத்துக்கே விடும் வாசகம் உலகெங்கும் கப்பல் ஒப்பந்தங்களின் சிறு எழுத்தில் இருக்கிறது.

இனி நல்லூருக்கு வருவோம். கப்பல் துறையில் எட்டு மணி நேரம் நிற்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேர் இறங்குகிறார்கள் என்றால் ஐம்பது ஆசன பஸ் இருபது வேண்டும். சிறிய துறையில் அத்தனை பேருக்கும் கடவுச்சீட்டுப் பார்த்து, சுங்கம் கடந்து, பஸ்ஸில் ஏற்றி முடிக்கவே இரண்டு மணி நேரம் போகும். காங்கேசன்துறை வீதியில் மாவிட்டபுரம், தெல்லிப்பழை, சுன்னாகம் கடந்து நல்லூருக்கு 18 கிலோமீற்றர் அளவு. போக வர ஒன்றரை மணி நேரம். கப்பல் புறப்பட ஒரு மணி நேரம் முன்னதாகவே எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். மிச்சம் மூன்று மணி நேரம் சொச்சம். அதற்குள் கோட்டை, நூலகம், கீரிமலைக் கேணி, மதியச் சாப்பாடு. நல்லூருக்கு முக்கால் மணி நேரம் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். அந்த முக்கால் மணி நேரமும் நண்பகல் பூசை முடிந்தபின் வாய்த்தால் நடை சாத்தியிருக்கும். மாலை திறக்கும்வரை பூட்டிய கதவும், செருப்பு வைக்கும் இடமும், கோபுரத்தின் முன் எடுத்த படமும்தான். மாலை திறக்கும் நேரத்தில் பயணி காங்கேசன்துறையில் கப்பல் படி ஏறிக்கொண்டிருப்பார்.

நல்லூர்க் கோயில் நேரத்தில் மிகக் கண்டிப்பானது. யாழ்ப்பாணத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது இதைத்தான். அமைச்சர் வருகிறார், வெளிநாட்டுத் தூதுவர் வருகிறார் என்று அங்கே பூசை பிந்தியதாகப் பேச்சில்லை. மணி அடிக்கும் நேரத்தை வைத்துக் கைக்கடிகாரத்தைச் சரிசெய்யலாம் என்பார்கள். கப்பலும் நேரத்தில் கண்டிப்பானதுதான். பிந்தி வந்தவரைத் துறையில் விட்டுவிட்டுப் போகும். இரண்டு கண்டிப்புகளும் மோதும் இடத்தில் நிற்கிறார் பயணி. கோயிலின் கண்டிப்பு ஆட்களைக் கூட்டுவதற்கானது. நேரம் தெரிந்ததால் ஊர் திரண்டு வருகிறது. கப்பலின் கண்டிப்பு ஆட்களைப் பிடுங்கிக்கொண்டு போவதற்கானது. எந்த மணிக்குப் பயணி கட்டுப்படுவார் என்பதில் ஐயமில்லை, பெட்டி கப்பலில் இருக்கிறதே.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. தென்மேற்குப் பருவம் மும்பைக் கரையை மூடும் மாதங்களில்தான் இந்தக் கப்பல் கிழக்குக் கரைக்கு வருகிறது. நல்லூர்த் திருவிழாவும் அந்த மாதங்களில்தான், ஆடியிலிருந்து ஆவணிக்குள். 2023இல் ஓகஸ்ட் 21 கொடியேற்றம், செப்டெம்பர் 13 தேர். இருபத்தைந்து நாட்கள் கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனம் ஓடாது. மணல் பரப்பியிருப்பார்கள். விடியற்காலையில் அந்த மணலில் ஆண்கள் உருண்டு பிரதட்டை செய்வார்கள், பெண்கள் அடியழித்து வருவார்கள். ஈர வேட்டியில் ஒட்டிய மணல் வெயிலேறும்போது தானாக உதிரும். மாலையில் கச்சான் வறுக்கும் வாசம், தும்பு முட்டாஸ் வண்டி, தண்ணீர்ப் பந்தலில் மோர், ஐஸ்கிறீம் கடைக்குள் கால் வைக்க இடமிராது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து வந்தவர்கள் முப்பது வருடத்துக்கு முந்திய பள்ளித் தோழரை வீதியில் கண்டு நிற்பார்கள். வீடுகளில் பானை சட்டி கழுவி மச்சம் விலக்கியிருப்பார்கள். பத்தாம் நாள் மஞ்சம், இருபத்துமூன்றாம் நாள் சப்பறம், அடுத்த நாள் காலை தேர், அதற்கடுத்த நாள் தீர்த்தம். ஒவ்வொரு நாளும் முந்திய நாளின்மேல் ஏறி நிற்கும் விழா இது. நடுவில் ஒரு நாளில் முக்கால் மணி நேரத்தை வெட்டி எடுத்தால் கையில் வருவது நெரிசல் மட்டும்.

சில மணி நேரம் பார்ப்பது ஒன்றும் பாராததைவிட மேல் அல்லவா என்று கேட்கலாம். ஒரு மலைக்கோ நீர்வீழ்ச்சிக்கோ இது பொருந்தும். அவை கண்ணுக்கு உடனே தம்மைக் கொடுத்துவிடும். நல்லூர் அப்படிப்பட்ட இடமில்லை. அங்கே கண்ணுக்குத் தெரிவதும் நடந்த கதையும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாமல் கிடக்கின்றன. 1619இல் யாழ்ப்பாண அரசன் சங்கிலி குமாரன் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தான். 1621இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் தே ஒலிவேரா பழைய கந்தசுவாமி கோயிலை இடித்தான். இன்று நாம் வணங்கும் கோயில் ஒல்லாந்தர் காலத்தில், 1734இல், குருக்கள் வளவு என்ற வேறொரு நிலத்தில் எழுந்தது. பழைய கோயில் இருந்ததாகச் சொல்லப்படும் முத்திரைச் சந்தைப் பக்கத்தில் இப்போது நிற்பது கிறிஸ்தவ தேவாலயம். அரசர் காலத்துச் சுவடுகள் என்று பருத்தித்துறை வீதியை ஒட்டி ஒரு தோரண வாசல், மந்திரிமனை, யமுனா ஏரி. யமுனா ஏரி என்றதும் பெரிய நீர்நிலை என்று போனால் வீடுகளுக்கு நடுவே பகர வடிவில் ஒரு கேணிதான் இருக்கும். இவற்றை ஒன்றோடொன்று கோத்து நடந்தால்தான், இடித்த இடத்தில் கட்ட முடியாமல் பக்கத்து வளவில் மறுபடி தொடங்கிய ஒரு சமூகத்தின் பிடிவாதம் பிடிபடும். தூரம் அதிகமில்லை, ஒரு காலை நடைதான். அந்த ஒரு காலைதான் கப்பல் தராதது. மூன்று மணி நேரத்தில் பார்த்தவர் 'நல்லூர் பார்த்தாச்சு' என்று சொல்லிக்கொண்டு இனி வராமலே விட்டுவிடுவார். ஒன்றும் பாராதவர் என்றாவது ஒருநாள் வரக்கூடும். அந்த வகையில் பாராதவரே மேல்.

கடைசி நேரத்தில் ஓடி ஓடிக் கும்பிடும் வழக்கம் நம்மிடமும் இல்லையா, ஒரே நாளில் ஒன்பது கோயில் காட்டும் பஸ்கள் ஓடவில்லையா என்று இன்னொருவர் கேட்பார். ஓடுகின்றன. அந்தப் பஸ் நடை சாத்தியிருந்தால் வாசலில் காத்திருக்கும்; கோயில் நேரத்துக்குத் தன் நேரத்தை வளைத்துக்கொள்ளும். பஸ்ஸில் போகிறவர் பஸ்ஸுக்காக ஏறுவதில்லை. இதைவிடக் கூர்மையான ஒப்பீடு ஒன்று கப்பலின் பாதையிலேயே இருக்கிறது. அம்பாந்தோட்டைத் துறையிலிருந்து கதிர்காமம் ஏறக்குறைய ஒரு மணி நேர ஓட்டம். அங்கிருந்து திருகோணமலை வழியாக வடகரைக்கு வரும் கப்பல் பாதையைத் திருப்பிப் போட்டால், அது கதிர்காமப் பாதயாத்திரையின் பாதை. காங்கேசன்துறைக்குக் கிழக்கே அதே கரையில் உள்ள தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் புறப்பட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் என்று கரையோரமாக இறங்கி, காட்டைக் கடந்து கதிர்காமம் சேர்கிறவர்கள் ஏறக்குறைய இரண்டு மாதம் நடக்கிறார்கள். இரு முனையிலும் ஒரே முருகன். கப்பல் அந்தத் தூரத்தை இரண்டொரு நாளில் கடந்துவிடுகிறது. நடப்பவர்கள் எல்லோரும் ஞானியாகித் திரும்புகிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன்; கால் கொப்பளத்தோடும் வாய்ச் சண்டையோடும் திரும்புகிறவர்களும் உண்டு. ஆனால் வழியில் எந்த ஊரில் யார் சோறு போட்டார் என்று அவர்களுக்குத் தெரியும். கப்பலில் திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் நடுவே இருந்தது என்ன என்று கேட்டால் இரவுச் சாப்பாடு என்பதே நேர்மையான பதில்.

வயதானவர்களுக்கும் சிறு பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கும் கப்பல் பெரிய உதவி என்பதை மறுக்க முடியாது. பெட்டியை ஒருமுறை அவிழ்த்தால் போதும், படுக்கையும் மருத்துவரும் கூடவே வருகிறார்கள். முதன்முறை கடவுச்சீட்டு எடுத்த நடுத்தரக் குடும்பத்துக்கு வெளிநாடு என்ற ஆசை கைக்கெட்டும் விலையில் நிறைவேறுகிறது. கப்பலை அனுபவிக்க என்று ஏறி, கப்பலை அனுபவித்து இறங்குகிறவரிடம் எனக்கு வழக்கில்லை. அவர் ஏமாறவும் மாட்டார். யாழ்ப்பாணத்துக்கு வருமானம் என்ற வாதம்தான் எனக்கு ஒப்பவில்லை. இரவு தங்காதவர் விடுதிக்குக் காசு தருவதில்லை. மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் கப்பலிலேயே கட்டிவிட்டவர் மதியக் கடையில் கை நனைக்கத் தயங்குவார். கரைச் சுற்றைக் கப்பலிலேயே விற்கும்போது ஒப்பந்த பஸ்காரருக்குப் போகும் காசு சந்தியில் நிற்கும் ஓட்டோக்காரரை எட்டாது. ஊருக்கு மிஞ்சுவது பனங்கட்டி, மிளகாய்த்தூள், புழுக்கொடியல் பொட்டலங்கள். அவையும் ஒரே நாளில் ஆயிரம் பேர், பிறகு பல நாள் ஒருவருமில்லை என்ற கணக்கில்.

துறையை ஆழப்படுத்தினால் எல்லாம் சரியாகும் என்பது இப்போது அடிக்கடி கேட்கும் வாதம். காங்கேசன்துறையை மேம்படுத்த 6 கோடி 15 இலட்சம் டொலரை நன்கொடையாகத் தர இந்தியா 2024இல் முன்வந்தது. சரக்குக் கப்பலுக்கும் மீனவருக்கும் பயணிப் படகுக்கும் ஆழமான துறை வேண்டியதுதான். ஆனால் ஆழம் கூடினால் இன்னும் பெரிய கப்பல் வரும். கப்பல் பெரிதானால் இறக்கி ஏற்றும் நேரம் நீளும். கரையில் மிஞ்சும் நேரம் குறையும். ஆழத்தைக் கொட்டிக் கொடுத்து அவகாசத்தை வாங்க முடியாது. அதே துறைக்கு 2023 ஒக்ரோபர் 14இல் நாகப்பட்டினத்திலிருந்து 'செரியாபாணி' என்ற சிறு கப்பல் வந்தது. 150 பேர், 60 கடல் மைல், ஏறக்குறைய நான்கு மணி நேரம். வாடைக்காற்று தொடங்கும் காலத்தில் தொடக்கியதால் சில நாட்களிலேயே நின்றுபோனது. இதை யாழ்ப்பாணத்து மீனவர் எவரிடமாவது முன்பே கேட்டிருக்கலாம். 2024 ஓகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி தொடங்கியது. அதில் நீச்சல் தடாகமில்லை, பாட்டுக் கச்சேரியில்லை, கடல் கொந்தளித்தால் வாந்தியும் உண்டு. ஆனால் அது பயணியைக் கரையில் விட்டுவிட்டுப் போய்விடுகிறது. இறங்கியவருக்கு அன்று இரவு படுக்க இடம் வேண்டும், காலையில் தேநீர் வேண்டும், வழி கேட்க ஆள் வேண்டும். 1914 முதல் 1964 புயல்வரை தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பலும் இப்படி ஆட்களை இறக்கிவிட்ட கப்பல்தான். நம் இரு கரைகளுக்கும் பழகிய கடல் பயணம் அந்த வகை. அரசும் சுற்றுலாத்துறையும் உல்லாசக் கப்பலுக்காகப் படும் பாட்டில் பாதியை இந்தச் சிறு கப்பலைத் தடங்கலில்லாமல் ஓட்டுவதில் பட்டாலே போதும்.

நல்லூரைப் பார்க்க விரும்புகிறவர் நாகப்பட்டினத்துப் படகிலோ, சென்னையிலிருந்து பலாலிக்கு வரும் சிறிய விமானத்திலோ வாருங்கள். கோயிலுக்கு நடந்துபோகும் தூரத்தில் இடம் பிடித்து மூன்று இரவாவது தங்குங்கள். ஆண்கள் வேட்டி கொண்டு வாருங்கள், உள்ளே மேற்சட்டை கழற்ற வேண்டும். உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள். சில்லறையும் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். நல்லூரில் அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய்.